நாடி கிடைக்கவில்லை

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மருதமுனையில் ஸம்றாவுக்கு நடந்தது நடந்ததுதான். அவள் பேய்க்குப் பயப்படுகிறவளும் இல்லை. தாதியர் கல்லூரியில் கடைசி வருடம் படிப்பவள். இறந்தவர்களைத் துடைத்து, வெள்ளைத் துணி போர்த்திய கை அவளுடையது.

பரீட்சை நெருங்கியிருந்தது. பாண்டிருப்பில் இருந்து அவளுடைய கூட்டாளி தர்மிகா தினமும் வந்துவிடுவாள். ஒருத்தி நோயாளியாகப் படுப்பாள். மற்றவள் கேள்வி கேட்டு, தொட்டுப் பார்த்து, என்ன வருத்தம் என்று கண்டுபிடிக்க வேண்டும். இப்படித்தான் இருவரும் பாடங்களை மீட்டினார்கள்.

அன்று காலையில் வர வேண்டியவள் வரவில்லை. ஸம்றா போனை அணைத்துவிட்டுத் தனியாகப் படித்தாள். உள்ளறையில் அவளைப் பெற்ற ஹவ்வா உம்மா தூங்கிக்கொண்டிருந்தார். நாலு நாளாகக் கொதித்த காய்ச்சல் விடியத்தான் விட்டிருந்தது. அந்த நிம்மதியில் ஸம்றா அவரை எழுப்பவில்லை.

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், முன்னறைக் கட்டிலில் தர்மிகா படுத்திருந்தாள்.

கேற் திறந்த சத்தமே கேட்கவில்லை...

"எப்படி வந்த நீ?"

"இண்டைக்கு நான்தான் நோயாளி. கேளு." குரல் எங்கோ தூரத்தில் இருந்து வருவது போல இருந்தது.

"சரி, என்ன செய்யுது?"

"நாலு நாள் காய்ச்சல். இண்டைக்கு விட்டிட்டு."

"அப்ப சுகம்தானே?"

"வடிவாக் கேளு ஸம்றா. வயிறு நோகுது. சத்தி வாற மாதிரி குமட்டுது. காலையில இருந்து ஒண்ணுக்குப் போகல்ல. நித்திரையாவே வருது."

ஸம்றா அவள் கையைப் பிடித்தாள். ஐஸ் போலக் குளிர்ந்தது.

நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்த நகம் உடனே சிவக்க வேண்டும். சிவக்கவில்லை. மறுபடி அழுத்தினாள்... வெள்ளையாகவே கிடந்தது.

மணிக்கட்டில் நாடியைத் தேடினாள்.

இல்லை.

"உன்ட நாடி கிடைக்குதில்லடி..."

"உனக்கு எண்டைக்கு நாடி புடிக்கத் தெரிஞ்சது?" தர்மிகா சிரித்தாள். கண்கள் மட்டும் கலங்கியிருந்தன. "என்ன வருத்தம்? கெதியாச் சொல்லு!"

"டெங்கு. காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து. இரத்த அழுத்தம் விழுந்திரும்."

"ஓம். அப்ப பிரஷரைப் பாரு. போ..."

பிரஷர் பார்க்கும் கருவி உம்மாவின் அறையில் இருந்தது. ஸம்றா ஓடிப்போய் எடுத்தாள்.

கை உம்மாவின் காலில் பட்டது.

அதே குளிர்.

நெற்றியெல்லாம் வியர்வை. வயிற்றைப் பிடித்தபடி உம்மா முனகினார்.

"தர்மிகா, ஓடி வா!"

எட்டிப் பார்த்தாள்.

முன்னறைக் கட்டிலில் யாரும் இல்லை.

பக்கத்து வீட்டு அஸ்கியின் ஆட்டோவில் உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர்மார் உடனே சேலைன் ஏற்றினார்கள். தப்பிவிடுவார் என்று சொன்ன பிறகுதான் ஸம்றாவுக்கு மூச்சு வந்தது. வெளியே வந்தாள். தர்மிகாவின் அப்பா தம்பையா செருப்பில்லாமல் சுவரோரம் குந்தியிருந்தார்.

"மாமா, தர்மிகாவைத் தேடியா வந்தீங்க? அவ எங்கட ஊட்டதான் இருந்தா. இப்பதான்..."

அவர் வெறித்துப் பார்த்தார்.

"என்ன புள்ள கதைக்காய்? உன்னட்டப் படிக்கப் போறன் எண்டு காலையில வெளிக்கிட்டவள்... மெயின் ரோட்டில லொறி அடிச்சிட்டு. இங்க கொண்டு வரக்குள்ளயே உசிர் இல்ல."

ஸம்றா அவர் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வந்தவளிடம் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லையே என்று அழுதாள். அந்த வருடம் அவள் பரீட்சை எழுதவில்லை.

உம்மா தெளிவாகக் கண் திறந்து பேச மூன்று நாளானது. யாரும் அவருக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"உன்ட கூட்டாளி போயிட்டாளா மகள்?"

ஸம்றா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அண்டைக்குக் காலையில இருந்து என்ட தலைமாட்டிலதான் இருந்தாள், என்ட கையைப் புடிச்சிக்கிட்டு. ஸம்றாவைக் கூப்பிடு எண்டன். 'கூப்பிட்டுக்கிட்டே இருக்கன் உம்மா, அவளுக்குக் கேக்குதில்ல' எண்டு அழுதாள்..."