சாம்பார் டப்பாவுல கிம்லெட்

என் தங்கச்சி பொத்தேரி பக்கம் கேட்டரிங் படிச்சா. முடிச்ச கையோட மாமல்லபுரத்துல ஒரு பீச் ஓட்டல்ல பார் வேலைக்குக் கூப்பிட்டாங்க. திங்கக்கெழம போயி மேனேஜர் எதிர்ல கிம்லெட்டுன்னு ஒரு ஜின் காக்டெயில் போட்டுக் காட்டணும். நல்லா வந்தா வேலை.

அம்மா ஒரே பேச்சா முடியாதுன்னுட்டாங்க. எங்கப்பா குடிச்சுக் குடிச்சே போய்ச் சேர்ந்தவரு. "அந்த நாத்தம் இந்த வூட்டுக்குள்ள மறுபடி வரக்கூடாது"ன்னாங்க. அவங்களத் தப்பு சொல்ல முடியுமா? ஆனா தங்கச்சி மூஞ்சி வாடிப்போனதையும் என்னால பார்க்க முடியல.

சனிக்கெழம ஷிப்ட் முடிஞ்சு வரும்போது அவ போட்டுப் பழகட்டும்னு நானே ஒயின்ஷாப்புக்குப் போனேன். ஜின் கேட்டா, கவுண்டர்ல இருந்தவன் "இன்னாண்ணாத்த, வூட்ல லேடீஸுக்கா?"ன்னு இளிக்கிறான். பளார்னு ஒண்ணு விடலாமான்னு வந்துச்சு. உண்மையத்தான கேக்கறான்னு பாட்டில வாங்கிக்கினு வந்துட்டேன்.

ஞாயித்துக்கெழம அம்மா சர்ச்சுக்குக் கெளம்பினதும் ஆரம்பிச்சோம். கிம்லெட் ஒண்ணும் பிரம்ம வித்தை இல்ல. ஜின், எலுமிச்சம்பழச் சாறு, சக்கரைப் பாகு, ஐஸ். இறுக்க மூடி, நல்லாக் குலுக்கி, வடிகட்டணும். குலுக்கறதுக்கு எங்க வூட்ல ஷேக்கர் ஏது? நான் மறைமலைநகர் கம்பெனிக்கு சாம்பார் எடுத்துக்கினு போற எவர்சில்வர் டப்பாதான். கம்பெனி பஸ்ஸு இன்னா குலுக்கு குலுக்கினாலும் சொட்டு சிந்தாது.

அவ குலுக்கி, டீ வடிகட்டியில டம்ளருக்கு வடிச்சுக் குடுத்தா. நான் ஒரு வாய் வெச்சேன். த்தூ! ஒரே உப்பு!

"ஏண்டி, உப்பு போட்டியா?"

"ஐயோ, நானா?"

அவளுக்கே தெரியல. எங்க வூட்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சா கை தானா உப்பு ஜாடிக்குப் போயிடும். உப்பு இல்லாத ஜூஸு ஒரு ஜூஸா? அடுத்ததுலயும் அதே கூத்து. எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. "நாளைக்கும் இப்படியே போடு, மேனேஜருக்குத் தொட்டுக்க மோர் மிளகாயும் வெச்சுக் குடு"ன்னு கத்தினேன். ஜாடியத் தூக்கி பீரோ மேல வெச்சேன். அதுக்கப்புறம் போட்டது சூப்பரா வந்துச்சு. புளிப்பும் இனிப்பும் சரியா நின்னுச்சு. அவ சிரிச்சா பாருங்க, எனக்கு மனசு நெறஞ்சிடுச்சு.

நாங்க போட்ட சத்தத்துல சர்ச்சுல பூசை முடிஞ்சு அம்மா வந்ததே தெரியல.

"சாம்பார் டப்பாவுல இன்னாடி கீது?"

அம்மா டம்ளர எடுத்து மோந்து பார்த்தாங்க. மூஞ்சி சுருங்கிப் போச்சு. அவங்க அழுதா என்னால தாங்க முடியாது.

"கேக்கறவனுக்கெல்லாம் இத ஊத்திக் குடுத்துகினே இருப்பியா?"

"இல்லம்மா,"ன்னா தங்கச்சி. "ஒருத்தர் தள்ளாட ஆரம்பிச்சா அதுக்கு மேல ஊத்தக் கூடாது. காலேஜ்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. போதும் சார்னு நாந்தான் சொல்லணும்."

"அவன் சொன்னாக் கேக்கலன்னா?"

"கேக்கலன்னாலும் ஊத்த மாட்டேன்."

அம்மா டம்ளர சிங்க்ல கவுத்தாங்க. தண்ணி விட்டு நல்லாக் கழுவி வெச்சாங்க. முந்தானையில கையத் தொடச்சிக்கினு தங்கச்சி பக்கம் திரும்பினாங்க.

"உங்கப்பாவுக்கு அவரு போற பார்ல ஒருத்தனும் போதும்னு சொல்லலடி,"ன்னாங்க. "கேக்கக் கேக்க ஊத்திக்கினே இருந்தானுங்க. நீ போ. போயி சொல்லு."