முனீஸ்வரிக்கு நாலு வரி

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் அருள்பாண்டி தன்னைக் கவிஞன் என்றுதான் சொல்லிக்கொள்வான். வேறு யாரும் சொல்லாததால் அந்த வேலையையும் அவனே பார்த்துக்கொண்டான். காதுகுத்தோ கல்யாணமோ, போட்டோவைக் கொடுத்தால் போதும். திரையில் பெரிசாக்கி உற்றுப் பார்ப்பான். மீசை தெரிந்தால் சிங்கம் வரும், கண்ணாடி தெரிந்தால் அறிவுக்கடல் வரும். போட்டோ இல்லாவிட்டால் மட்டும் ஐயாவுக்கு ஒரு வரியும் ஓடாது.

அவன் பெண்டாட்டி முனீஸ்வரி பழங்காநத்தத்தில் தையல் கடை திறக்கப்போகிறாள். வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச வேண்டும். "ஊருக்கெல்லாம் எழுதுறீங்க, எனக்கு ஒரு நாலு வரி எழுதுங்க. மத்தவங்களுக்குப் போட்டதைத் தூக்கி ஒட்டுனீங்க, சிவக்குமார் அண்ணே கடைக்குப் போயிருவேன்" என்றாள். சிவக்குமார் எதிர்வரிசையில் இதே தொழில் செய்பவர். இதைவிட மானக்கேடு வேறு வேண்டுமா!

போட்டோ தேடினான். எல்லாவற்றிலும் அவள் யார் தோளுக்காவது பின்னால்தான் நின்றாள். தனியாக இருந்தது ஆதார் படம் மட்டும். அதைத் திரையில் போட்டான். சிரிக்காத முகம். பழகின கை சும்மா இருக்குமா? "எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திவிட்டு" என்று அடித்து, சுற்றிலும் மாலையும் போட்டுவிட்டது. அடச்சீ என்று நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பினால், சாப்பாட்டுத் தூக்கோடு முனீஸ்வரி நிற்கிறாள்.

"பால் காய்ச்சப் போறேன்னு சொன்னேன். நீங்க பால் ஊத்தவே முடிவு பண்ணிட்டீங்களா?"

தூக்கை டொக்கென்று வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வேறு வழியில்லாமல் பென்சிலை எடுத்தான். ஒரு காலத்தில் சுவர் விளம்பரம் எழுதினவன்தானே, வரைந்து பார்த்தாவது வரி வருகிறதா என்று உட்கார்ந்தான். மெஷின் வந்தது. குனிந்த முதுகு, கொண்டை, தோளில் தொங்கும் இஞ்ச் டேப் எல்லாம் வந்தது. முகம் வரவில்லை. அழித்து அழித்துத் தாள் கிழிந்ததுதான் மிச்சம். இம்புட்டு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்குப் பெண்டாட்டி மூக்கு ஞாபகமில்லை, கவுன்சிலர் மூக்கு மட்டும் கண்ணை மூடினாலும் வருகிறது. வெட்கமாகப் போய்விட்டது.

வீட்டுக்குப் போய், "முனீசு, செத்த நேரம் இப்படித் திரும்பி உக்காரு" என்று கெஞ்சினான்.

"மாலைக்கு அளவெடுக்குறீங்களாக்கும்" என்றாள். ஆனாலும் உட்கார்ந்தாள்.

வரையும்போதுதான் தாடைக்குக் கீழே ஒரு தழும்பு கண்ணில் பட்டது.

"இது எப்பப் பட்டது?"

"நம்ம கடைக்குப் போர்டு மாட்டுனப்ப ஏணி சரிஞ்சு பட்டது. நீங்க போர்டு நேரா இருக்கான்னு பாத்துக்கிட்டிருந்தீங்க."

அவன் படத்தை முடித்து, அடியில் எழுதி நீட்டினான்.

"என் கடைக்குப் போர்டு மாட்டுன அன்னைக்கு இவளுக்கு அடிபட்டுச்சு.
நான் போர்டைப் பாத்தேன்.
இன்னைக்கு இவ கடைக்குப் போர்டு.
ஏணிய நான் பிடிச்சுக்கிறேன்."

முனீஸ்வரி ரெண்டு தரம் படித்தாள். "சிங்கம் புலி ஒண்ணையும் காணோமே" என்றாள். தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். "இது ரோட்டுல தொங்க வேணாம், எங்கிட்ட இருக்கட்டும். பேனர்ல கடை பேரும் போன் நம்பரும் போதும்."

வெள்ளிக்கிழமை வந்தவர்களெல்லாம், "என்ன கவிஞரே, சொந்தப் பெண்டாட்டிக்கு ஒரு வரி இல்லையா?" என்று கிண்டலடித்தார்கள்.

"எழுதியாச்சுண்ணே, அவதான் காட்ட மாட்டேங்குறா" என்றான் அருள்பாண்டி, பெருமை பிடிபடாமல்.