ஆட்சேபணை இல்லை

கம்பளைக்கு மேலே மகாவலியில் வந்து விழும் ஓடைகளையெல்லாம் ஒரே தாளில் வரைந்து, என் மேலதிகாரி தன் மேசைக்குப் பின்னால் ஒட்டியிருந்தார். அலுவலகம் பேராதனையில். அவர் யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர்; நான் கம்பளையிலிருந்து ரயிலில் வந்துபோகும் தட்டெழுத்தாளன். மலையை வெட்டவோ மணல் அள்ளவோ யாருக்காவது அனுமதி கிடைத்தால், அந்த இடத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைப்பார். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் பாதிப்பு மிகச் சிறிது என்றே எழுதியிருக்கும். அது பொய்யுமில்லை. ஆனால் ஒரே ஓடையின் இரு கரையிலும் புள்ளிகள் நெருங்கிக்கொண்டே வந்தன.

"ஒவ்வொண்டாப் பாத்தா எல்லாம் சின்ன வெட்டுத்தான் தம்பி. மழை என்ன, ஒவ்வொரு பைலாத் திறந்து பாத்தே பெய்யும்?" என்பார்.

கடைசியாக வந்தது, அந்த ஓடைக்கு மேலே ஒரு சுற்றுலா விடுதிக்காகச் சரிவை வெட்டும் விண்ணப்பம். கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள். அவர் கையெழுத்திட மறுத்தார். ஏற்கெனவே வெட்டியவற்றையும் சேர்த்துப் பார்க்காமல் இனி ஒன்றுக்கும் அனுமதி தரக்கூடாது என்று மூன்று பக்கம் எழுதினார். தட்டச்சு செய்தவன் நான்தான். அது மேலிடத்துக்குப் போவதற்குள் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. அவர் குடியிருந்த வாடகை வீட்டை எரித்தார்கள். குடும்பத்தோடு முகாமுக்குப் போனார்.

அடுத்த வாரம் தலைமை அதிகாரி அந்த மூன்று பக்கத்தையும் கோப்பிலிருந்து உருவிவிட்டு, ஒரே வரி தட்டச்சு செய்யச் சொன்னார்: பொறியியலாளருக்கு ஆட்சேபணை இல்லை. ஊர் அன்றிருந்த நிலையில் மறுக்க எனக்குத் துணிவில்லை. இத்தனை காலமும் எனக்கு நானே இப்படித்தான் சொல்லி வருகிறேன்.

முகாமுக்கு அவரைப் பார்க்கப் போனேன். யாரோ கொடுத்த தொளதொளத்த சட்டை அணிந்திருந்தார்.

"அந்தப் பைல் என்ன மாதிரி?"

"மேசையிலதான் இருக்கு சேர்."

"அப்ப சரி. நான் வந்து பாக்கிறன்."

வடக்கே போனவர் திரும்பவில்லை. அதன்பின் வந்த இரண்டாம் மழைக்காலத்தில், விடுதிக்காக வெட்டிய சரிவு இறங்கி, லயனின் ஒரு வரிசையை ஓடைக்குள் தள்ளியது. சேற்றிலிருந்து எடுத்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அனுமதித்தவர் வடக்கே போய்விட்ட பொறியியலாளர் என்று விசாரணையில் சொன்னார்கள். என்னைக் கேட்டபோது, ஞாபகமில்லை என்றேன்.

பத்திரிகையில் அதைப் படித்துவிட்டு அவர் வடக்கிலிருந்து எனக்கு எழுதினார். கடிதத்தில் ஒரே கேள்வி: "நான் மறுத்தது உமக்குத் தெரியும்தானே?"

போர்க்காலம் முழுவதும், தபால் ஒழுங்காகப் போவதில்லை என்ற சாக்கு எனக்கு இருந்தது. போர் முடிந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. தபால் ஒழுங்காகத்தான் போகிறது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட நான் விசாரிக்கவில்லை.