குங்குமம் வைத்த ஃபிளாப்பி

கந்தசாமி எந்தக் கம்ப்யூட்டரை ஆன் செய்தாலும் பின்னால் நிற்பவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் செய்வார். திரையை மறைத்தபடி தோள் வந்து நின்றுவிடும். எந்த விசையை அழுத்தினார், என்ன எழுதினார் என்பது யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் எழுந்த பிறகு விலகி நின்று "ஆச்சு" என்பார். கல்யாணமான புதிதில் நாகமணி இதைக் கூச்சம் என்று நினைத்தாள். அது பயம் என்று புரிவதற்குள் அமெரிக்காவில் ரிச்சர்ட்சனுக்கு வந்து பல வருஷங்கள் ஓடிவிட்டன.

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடும் என்று உலகம் பயந்து ஆள் தேடிய காலத்தில், கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்தவர் அவர். கூட வந்தவர்கள் புதிது புதிதாகப் படித்து மேலே போனார்கள். இவர் லே-ஆஃப் மேல் லே-ஆஃப் வாங்கி, கடைசியில் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் ஒதுங்கினார்.

அங்கே சோதனை மெஷினை ஓட்டியது விண்டோஸ் 98 போட்ட ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். மெஷினைச் செய்தவர்கள் எப்போதோ கடையை மூடிவிட்டார்கள். அதன் மென்பொருள் புது விண்டோஸில் ஓடாது. கிழத்துக்கோ தானாக எழுந்திருக்கும் தெம்பு இல்லை. பவர் கொடுத்தால் கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்பத் தேவையானதையெல்லாம் கந்தசாமி ஒரு ஃபிளாப்பியில் எழுதி வைத்திருந்தார். அதைப் போட்டால்தான் எழும். எழுந்துவிட்டால் வாரக்கணக்கில் ஓடும். அந்த ஃபிளாப்பி இருக்கும்வரை அவருக்கு வேலை இருந்தது.

அதே கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தாள் ரோஷினி. திண்டுக்கல் பக்கம். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். இங்கே மாஸ்டர்ஸ் முடித்து, கண்ட இடத்திலெல்லாம் அப்ளை பண்ணி அலுத்திருந்தவளுக்குக் கந்தசாமிதான் மேனேஜரிடம் சொல்லி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். விசா இந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமையானால் இவர்கள் வீட்டில்தான் சாப்பாடு.

"அங்கிள், அந்த ஃபிளாப்பிய ஒரு காப்பி எடுத்து வெச்சிரலாமா? மேனேஜர்கூடக் கேட்டாரு" என்றாள் ஒருநாள்.

"காப்பி எடுத்துட்டா அப்புறம் அங்கிள் எதுக்கு? ரசம் ஊத்திக்க."

"அவரு பல்செட்டக்கூட யாரையும் தொட உடமாட்டாரு, நீ வேற" என்றாள் நாகமணி. மூன்று பேரும் சிரித்தார்கள்.

ஆயுத பூஜைக்குக் கார் சாவி, டிரில், அரிவாள்மனையோடு அந்த ஃபிளாப்பியும் சாமி முன்னால் உட்காரும். கம்பெனியிலிருந்து எதையும் வெளியே எடுத்துப் போகக் கூடாது. ஆனாலும் வருஷா வருஷம் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்து, மறுநாள் காலையில் திருப்பி வைத்துவிடுவார். ஃபிளாப்பிக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. சந்தனமும் குங்குமமும் அந்த டப்பாவின் மேல்தான் வைப்பார்கள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் டப்பா உடைந்துபோய், வெறும் ஃபிளாப்பியாக வந்தது.

"இது மேலயே வெக்கலாமுங்களா?"

"வெய்யி, ஒண்ணும் ஆவாது."

வைத்தாள். ஃபிளாப்பியின் ஓரத்தில், தள்ளினால் திறக்கும் தகர மூடிமேல் ஒரு பொட்டு. மறுநாள் காலையில் அதைச் சட்டையில் துடைத்துவிட்டு எடுத்துப் போனார். மத்தியானம் கண் டாக்டரிடம் போயிருந்தபோது கம்பெனியில் கரண்ட் போய் வந்தது. போட்டு எழுப்பு என்று மேனேஜர் ரோஷினியிடம் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவள் நாகமணியின் சமையலறையில் வந்து நின்றாள். "நான் உள்ள போட்டது மட்டும்தான் ஆன்ட்டி. கரகரன்னு ஒரு சத்தம். அப்புறம் டிஸ்க்கைப் படிக்க முடியலன்னு வந்துச்சு. மேனேஜர் அங்கிளுக்கு ஃபோன் பண்ணுனாரு. அங்கிள் என்னடான்னா, நான் வெச்சுட்டு வரும்போது நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லிட்டாரு."

ஹாலில் கந்தசாமி டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அவள் போனதும் நாகமணி ரிமோட்டைப் பிடுங்கி அணைத்தாள். "ஏனுங்க, பொட்டு வெச்சது நானு. வெய்யின்னு சொன்னது நீங்க. அந்தப் புள்ள என்னுங்க பண்ணுச்சு?"

"வெளிய எடுத்துட்டுப் போனேன்னு தெரிஞ்சா இன்னிக்கே தொரத்திருவான். ரிட்டையர் ஆகற நேரத்துல ஆவற காரியமா இது? அவ சின்னப் புள்ள. வேற வேல கெடைக்கும்."

"வேல கெடைக்கும். அதுக்குள்ள விசா காத்துக்கிட்டு இருக்குமா?"

"ரிட்டையர் ஆனதும் நானே சொல்லிப்போடறேன். சாமி சத்தியமா."

கம்பெனியில் கந்தசாமி முதுகைக் காட்டி உட்கார்ந்து, நினைவிலிருந்தே வேறு ஃபிளாப்பி எழுதினார். கிழம் எழுந்தது. நின்றுபோன ஆர்டர்களுக்குப் பழி ரோஷினிக்கு, மீட்டுக் கொடுத்த பேர் கந்தசாமிக்கு. அவள் கான்ட்ராக்டை முடித்துவிட்டார்கள். விசா கொடுத்த கெடுவுக்குள் வேறு இடம் அமையவில்லை.

ஊருக்குத் திரும்பிய ரோஷினியை நாகமணிதான் ஏர்போர்ட்டுக்கு டிரைவ் பண்ணிக் கொண்டுபோய் விட்டாள். புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். ஃப்ரீவே முழுக்க, அடுத்த எக்ஸிட் வருவதற்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே போனாள். சொல்லவில்லை. புருஷனைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்பதாலா, பொட்டு வைத்த கை தன்னுடையது என்பதாலா? இன்றுவரை அவளுக்கே பிடிபடவில்லை.

இந்த ஏப்ரலில் கந்தசாமி ரிட்டையரானார். கம்பெனியில் ஃபிளாப்பி வடிவத்தில் நீல கேக் செய்து வைத்திருந்தார்கள். "உங்கள் கணவர் இல்லாவிட்டால் எங்கள் கதி என்ன?" என்று மேனேஜர் நாகமணியின் கையைக் குலுக்கினார். அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் கேக்கை வெட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

காரில் ஏறியதும் கேட்டாள். "சொன்னீங்களா?"

"கேக் வெட்டற எடத்துலயா?"

அந்த வாரமே நாகமணி கோயம்புத்தூருக்கு ஃபோன் போட்டாள். ரோஷினி அங்கே யாருக்கோ பதிலாக ஒரு காலேஜில் தற்காலிகமாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். நாகமணி பொட்டு வைத்ததைச் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் அழுகையில்லை, கோபமுமில்லை.

"தெரியும் ஆன்ட்டி. அன்னிக்கே மூடியத் தள்ளிப் பாத்தேன். உள்ள செவப்பா இருந்துச்சு. அந்தக் கம்பெனில வேற யாரு வீட்ல ஆயுத பூஜை?"

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"வேலையே அங்கிள் வாங்கிக் குடுத்தது. அவரு வாயால வரட்டும்னு பாத்தேன். ஒரு உதவி ஆன்ட்டி. மேனேஜருக்கு ஒரே ஒரு மெயில் போடச் சொல்லுங்க. எங்க அப்ளை பண்ணாலும் பழைய கம்பெனியக் கேக்கறாங்க. மெஷினைக் கெடுத்தவள்னுதான் பதில் போகுது."

நாகமணி அப்படியே வந்து சொன்னாள். கந்தசாமி தலையாட்டினார். அவள் கேட்கும்போதெல்லாம், நல்ல இங்கிலீஷில் எழுத வேண்டும், யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்கிறார். நானே போடட்டுமா என்றால், "நீ போட்டா அது உன்ற தப்பா ஆயிரும், பரவால்லியா?" என்கிறார். பரவாயில்லை என்று ஒருமுறை சொல்லியும் பார்த்துவிட்டாள். அன்று சாப்பிடாமல் எழுந்து போனார்.

கோயம்புத்தூர் காலேஜில் யாருக்குப் பதிலாக அவளை எடுத்தார்களோ அவர் திரும்பி வந்துவிட்டாராம். ரோஷினி மறுபடியும் அப்ளை பண்ணிக்கொண்டிருக்கிறாள். கந்தசாமி போட வேண்டிய மெயில் இன்னும் போகவில்லை.