பனிக்கடியில் சுண்ணாம்புக்கல்

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். கொக்குவிலில் இருபத்திரண்டு வருடமாகப் புவியியல் படிப்பிக்கிறேன். பனிச்சரிவு பற்றி ஒரு பாடம் உண்டு. கரும்பலகையில் மலை வரைந்து, அம்புக்குறி போட்டு, 'சாய்வு, பாரம், பலவீனமான அடுக்கு' என்று மூன்று காரணங்களை எழுதிப் பிள்ளைகளைப் பாடமாக்கச் சொல்வேன். இத்தனை காலத்தில் நான் நேரில் கண்ட பனி, எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் படிந்தது மட்டும்தான். அதையும் மனைவி சாந்திதான் அகப்பைக் காம்பால் தட்டி எடுப்பாள். இந்தத் தகுதியோடு, போன மாசி மாதம் சிசிலித் தீவின் மலையொன்றில் நின்று, ஓர் உயிருள்ள மனிதனுக்குப் பனியைப் பற்றி விளக்கம் கொடுத்தேன்.

அந்த மனிதன் குகன், சாந்தியின் தம்பி. அந்தத் தீவின் பலெர்மோ நகரில் பதினான்கு வருடம். லிபெர்த்தா பகுதியில் வயதான ஒரு சிஞோராவை, அதாவது வீட்டு எசமானியை, அப்போது பராமரித்து வந்தான். காலையில் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், மாலையில் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் தூக்குவதுதான் பிரதான வேலை. அந்த ஊரில் எங்கள் ஆட்களின் வீடுகளுக்குப் போனால், சிஞோராக்கள் கழித்துவிட்ட சோபாவில் இருந்து, சிஞோராக்கள் கழித்துவிட்ட கோப்பையில் தேநீர் குடிக்கலாம். குகனுக்கு வாய்த்தது வேறு. சிஞோராவின் மகன் மிலானுக்குப் போகும்போது தன் பனிச்சறுக்குப் பலகை, சப்பாத்து, தலைக்கவசம் எல்லாவற்றையும் இவனிடம் தள்ளிவிட்டுப் போனான். இவன் மூன்று குளிர்காலம் விழுந்தெழும்பிப் பழகி, நன்றாகவே சறுக்கினான். அத்தானுக்கு அதைக் காட்டவேண்டும் என்பது அவனுடைய ஆசை.

ஞாயிறு காலை 5.40. பல்லரோச் சந்தைக்குப் பின்னால் உள்ள அவர்களுடைய வீட்டிலிருந்து புறப்பட்டோம். குகனின் மனைவி மாலதி புட்டும் முட்டைப் பொரியலும் கட்டித் தந்தாள். சந்தையில் மீன்காரர்கள் ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தார்கள். "பனி பாக்க ஏன் நூறு கிலோமீற்றர் போறியள்? இஞ்சையே நிண்டு பாருங்கோவன்" என்றாள் மாலதி. அன்று முழுவதும் சொல்லப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான கதை அதுதான்.

கிழக்கே கடலோரமாக நெடுஞ்சாலை, பிறகு மதோனியே மலைகளுக்குள் வளைவுமேல் வளைவு. 7.30க்குக் கடைசிக் கிராமத்தில் ஒரு யூரோ முப்பது சதத்துக்குக் காப்பி. எனக்கு வாடகைக்கு ஒரு சோடி பனிமிதியடி, பதினைந்து யூரோ. டென்னிஸ் மட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு நடப்பதைக் கற்பனை செய்யுங்கள். அதில் வயிறு தள்ளிய ஆசிரியர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

8.45. பியானோ பத்தாலியா, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு மீற்றர். இரண்டு நாள் காற்றோடு கொட்டிய பனி அன்றைக்குத்தான் ஓய்ந்திருந்தது. வானம் கண்ணைக் குத்தும் நீலம். மலையேற்றும் கம்பி இருக்கைகள் காற்றினால் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. தரிப்பிடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை. அதில் பனிச்சரிவு அபாயம் என்று, ஐந்துக்கு மூன்று.

"மூண்டாம், அத்தான். என்ன செய்வம்?" என்று கேட்டான் குகன்.

ஐந்துக்கு மூன்று என்றால் அறுபது வீதம். எங்கள் பரீட்சைக் கணக்கில் அது திறமைச் சித்தி. அப்படித்தான் சொன்னேன். அவன் சிரித்தான். கம்பி இருக்கைக்குக் காத்திராமல், குறிபோட்ட பாதைக்கு வெளியே, பீச் மரக்காட்டுக்கு மேலே தெரிந்த தொடாத வெள்ளைச் சரிவுக்கு நடந்தே ஏறுவதென்று முடிவாயிற்று.

காட்டு விளிம்பில் குகன் தன் சட்டைக்குள்ளிருந்து, வார்கள் போட்ட ஒரு சின்னக் கருவியைக் கழற்றினான். சவர்க்காரப் பெட்டி அளவு. பனிக்குள் புதைந்தால் மற்றவர்கள் கண்டுபிடிப்பதற்காக ஓயாமல் சமிக்ஞை அனுப்புவது. சிஞோராவின் மகன் கொடுத்த சாமானோடு அதுவும் வந்தது. ஒன்றுதான் இருந்தது.

"இதைப் போடுங்கோ அத்தான்."

"சறுக்கப் போறது நீயெல்லே. எனக்கென்னத்துக்கு?"

"நீங்கள் வந்த ஆள். உங்களுக்கு ஏதும் நடந்தா அக்கா என்னை உயிரோடை விடமாட்டா. போடுங்கோ."

எங்கள் வீடுகளில் அக்காவின் புருஷனுக்குப் பெரிய மீன்துண்டு வைப்பார்கள். வேண்டாம் என்று ஒருதரம் சொல்லிவிட்டு வாங்கிச் சாப்பிடுவது மரபு. நானும் ஒருதரம் சொல்லியாயிற்று. மாட்டிக்கொண்டேன்.

10.20. சரிவின் ஓரத்தில் நாலு அடி வைத்திருப்போம். காலுக்கடியில் 'வும்' என்று ஒரு சத்தம். பூட்டிய அறைக்குள் நெல்மூட்டை விழுந்ததுபோல. நிலம் ஒரு விரற்கடை இறங்கியதாகத் தோன்றியது. குகன் அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன அத்தான் அது?"

வாசகர்களே, அந்த இடத்தில் 'தெரியாது' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. ஆனால் இருபத்திரண்டு வருட வகுப்பறைப் பழக்கம். மதோனியே சுண்ணாம்புக்கல் மலை என்பது எனக்குத் தெரியும். எங்கள் குடாநாடும் சுண்ணாம்புக்கல்தான். அடியில் குகையும் பொந்துமாக இருக்கும், நிலாவரைக் கிணறுகூட அப்படி நிலம் இடிந்து உண்டானது, மேலே நடந்தால் சில இடம் வெறுமையாகக் கேட்கும் என்று ஐந்து நிமிடம் விளக்கினேன். 'பொந்துக்கு மேலைதான் நிக்கிறம், பயப்பிடாதை' என்று முடித்தேன்.

"ஓம் அத்தான்" என்றான் குகன். பலகையை முதுகில் போட்டுக்கொண்டு மேலே ஏறினான்.

அந்தச் சத்தம் நான் கரும்பலகையில் மூன்றாவதாக எழுதுகிற காரணம். மேல்பனியின் பாரம் தாங்காமல் அடியிலுள்ள பலவீனமான அடுக்கு நொறுங்கும் சத்தம். அதற்குச் சத்தம் உண்டென்று பாடப்புத்தகத்தில் இல்லை.

10.55. நான் மரங்களுக்குள் நின்றேன். மேலே அவன் கையை ஆட்டினான். முதல் வளைவு அழகாக வந்தது. இரண்டாவது வளைவில், அவனுக்கு மேலே சரிவின் குறுக்காக ஒரு கோடு ஓடியது. சீமெந்துத் தரையில் வெடிப்பு விழுவதுபோல. பிறகு தரை முழுவதும் பாளம் பாளமாக இறங்கத் தொடங்கியது. அவன் நின்றபடியே அதோடு வந்தான்; பிறகு இடுப்பளவு; பிறகு தலைக்கவசம்; பிறகு இல்லை. எல்லாம் நான் அவன் பெயரை ஒருமுறை கூப்பிட எடுத்த நேரம். பனி இறங்கி நின்றபின் வந்த அமைதியைப் போல ஓர் அமைதியை நான் எந்தப் பரீட்சை மண்டபத்திலும் கேட்டதில்லை.

கீழே காட்டுப்பாதையில் வந்துகொண்டிருந்த பலெர்மோத் தம்பதி ஒன்று என் கத்தலைக் கேட்டு ஓடிவந்தது. ஐம்பது வயதிருக்கும். பனிச்சறுக்குக் கட்டைகள், முதுகில் மண்வெட்டி, என்னிடம் இருந்ததுபோல ஆளுக்கொரு கருவி. அந்த அம்மா ஆங்கிலத்தில் எத்தனை பேர் என்று கேட்டார். ஒருவர் என்றேன். கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, அதன் அம்புக்குறி காட்டிய பக்கம் விறுவிறுவென்று நடந்தார். அம்புக்குறி நேரே என்னிடம் வந்தது.

என்னை விலகச் சொன்னார். விலகினேன். பதற்றத்தில் அவருக்குப் பின்னாலேயே மீண்டும் போனேன். அம்புக்குறி திரும்பி மீண்டும் என்னிடமே வந்தது. அப்போதுதான் என் சட்டையைப் பிடித்திழுத்து, உள்ளே மினுங்கிக்கொண்டிருந்த கருவியை அணைத்தார். பிறகு தன்னுடையதைப் பார்த்தார். அதில் ஒன்றுமில்லை.

"அவருடையது எங்கே?"

நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. புருஷனிடம் ஒரே ஒரு சொல் சொன்னார். இருவரும் நீண்ட கம்பிகளைப் பொருத்தி, அடிக்கு அடி குத்திப் பார்க்கத் தொடங்கினார்கள். நான் பனிமிதியடியால் கிண்டினேன். இறங்கி நின்ற பனி பஞ்சு அல்ல, கொங்கிறீற்று.

புருஷனின் கம்பி பலகையில் தட்டியபோது என் கைக்கடிகாரத்தில் பதினெட்டு நிமிடம் போயிருந்தது. தோண்டியபோது முகம் ஒரு முழ ஆழத்தில் இருந்தது. நீலம். அந்த அம்மா அவன் வாய்க்குள் விரல்விட்டுப் பனியை வழித்தெடுத்து ஊதினார். ஊதினார். மூன்றாம் தடவையோ நாலாம் தடவையோ அவன் இருமினான். கண் திறக்க நெடுநேரம் எடுத்தது. திறந்ததும் கேட்டான்:

"அத்தானுக்கு ஒண்டும் இல்லைத்தானே?"

ஹெலிகொப்டர் 12.10க்கு வந்தது. காத்திருந்தபோது அந்த அம்மாவிடம் ஐந்துக்கு மூன்று பற்றிச் சொன்னேன். "நாலு என்றால் ஜனங்கள் வீட்டில் இருப்பார்கள். மூன்று என்றால்தான் வருவார்கள்" என்றார். அவர்களும் வந்திருந்தார்கள்தான். ஆனால் காட்டுப்பாதையை விட்டு ஏறவில்லை.

குகன் பிழைத்தான். இடுப்பெலும்பும் வலது தோளும் முறிந்தன. ஒரு வருடத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது என்று வைத்தியர் சொன்னார். சிஞோராவோ இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் அவரைத் தூக்க வேறொருவர் வந்தார். அதில் பிழை சொல்ல முடியாது, மனுஷி கட்டிலிலேயே கிடக்க ஏலாதே. வேலை ஒப்பந்தம் இல்லாமல் பெர்மெஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பது எப்படி என்று மாலதி அலுவலகம் அலுவலகமாக அலைகிறாள். நான் புறப்பட்ட அன்று அவள் எனக்குப் புட்டுக் கட்டித் தந்தாள். தந்ததும் அடுத்த அலுவலகத்துக்குப் புறப்பட்டாள்.

விமானம் ஏறியபோது மதோனியே வெள்ளையாகத் தெரிந்தது. எங்கள் ஊரில் மலை இல்லை. அது எங்கள் குறை என்று வகுப்பில் சொல்வதுண்டு, இனிச் சொல்லமாட்டேன்.

வீட்டுக்கு வந்து சாந்திக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று, வும், சுண்ணாம்புக்கல், கருவி, ஒன்றும் மறைக்கவில்லை. அவள் என் பயணப்பையிலிருந்து ஈரச் சப்பாத்தை வெளியே எடுத்து வைத்தாள்.

"அவன் சின்னனிலையிருந்தே நீங்கள் ஒண்டு சொன்னா யோசிக்கமாட்டான்" என்றாள். "அதாலை நீங்களாவது யோசிச்சுச் சொல்லுவியள் எண்டு நினைச்சிருந்தன்."