குதிக்காத படம்

கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் பொத்தானை அழுத்துவாள். அழுத்திய பிறகு ஒற்றைக் கண்ணை மட்டும் மெல்லத் திறந்து, "படம் குதிச்சுதா?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பாள். பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் நான். நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் விடுதியின் சாப்பாட்டுக் கூடம். அங்கே தட்டோடு உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும் கூட்டம் "ஹோ!" என்று போடும் கூச்சல் பதிலைச் சொல்லிவிடும்.

எங்கள் கல்லூரியின் மாணவர் தொலைக்காட்சி ஒரு பழைய சாமான் அறையில் நடக்கிறது. அதன் பொறியாளர், மெக்கானிக், ஒயர் இழுப்பவர் எல்லாம் இவள் ஒருத்திதான். பெயர் பிஸ்கட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்குப் படத்தை மாற்றும் கருவியைத் தகர பிஸ்கட்டு டின்னுக்குள் செய்தாள். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

டின்னின் மூடியில் ஒரு பூனைக்குட்டி படம். அதன் வயிற்றில் வரிசையாகக் காலிங்பெல் பொத்தான்கள். "ஊரே வந்து அழுத்தினாலும் தாங்கும்டி. கடையில விக்கிறதெல்லாம் சும்மா பகட்டு" என்பாள். எது எந்தக் கேமராவுக்கு என்று தெரிய நகப்பூச்சால் புள்ளி வைத்திருக்கிறாள். கலர் கலராக நகப்பூச்சு வாங்குகிறவளின் நகத்தில் ஒரு சொட்டு பட்டதில்லை. விரலில் இருப்பதெல்லாம் சால்டரிங் வைத்த சூடுதான்.

திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவாள். அவள் அம்மா தையல்கடை வைத்திருப்பவர்; குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டே அவசரப்படுத்தும் வாடிக்கையாளர்களைத் திட்டுகிறவர். வித்தை அங்கிருந்து வந்தது. அடக்கம் மட்டும் எங்கிருந்தும் வரவில்லை. "நான் செஞ்சதுல என்ன குறை? குறையெல்லாம் அந்தக் கேமராவுங்க மேல" என்று மார்தட்டுவாள்.

அதிலும் உண்மை இல்லாமலில்லை. எங்கள் கேமராக்கள் ஆளுக்கொரு வீட்டிலிருந்து ஓசியில் வந்தவை. "மூணும் ஆளுக்கொரு தாளத்துல ஓடுது. இதுலேருந்து அதுக்குத் தாவுறப்ப டிவி பாவம், கால் தடுக்கி விழுது." விழுவது டிவி என்றாலும் மானம் போவது எனக்கு. செய்தி வாசிப்பவள் நானல்லவா? ஒவ்வொரு தாவலுக்கும் என் தாடை திரையின் உச்சிக்கும் நெற்றி அடிக்கும் போய்விட்டுத் திரும்பும். கூடத்தில் 'லவுடு ஸ்பீக்கர்' என்று ஒருவன் இருக்கிறான். "குதிச்சிருச்சுடோய்!" என்று அவன் எடுத்துக் கொடுக்க, கூட்டமே பின்பாட்டுப் பாடும். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். பிஸ்கட்டால் முடியாது. காது மடல் சிவந்துவிடும். அந்தக் கூடத்தில் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். தட்டைச் சாமான் அறைக்கு எடுத்து வந்து ஒயர்களுக்கு நடுவே தின்பாள்.

பேச்சுப் போட்டியின் இறுதிச் சுற்றை நேரடியாகக் காட்டுவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் முதல்வர் ஒருநாள் வந்து வாசற்படியிலேயே நின்றார். "இந்தத் தடவையும் படம் குதிச்சுதுன்னா இதை இழுத்து மூடிடலாம்மா. வெளியாளை வச்சு எடுத்துக்கறேன். இந்த ரூம்ல உடைஞ்ச நாற்காலிய அடுக்கிக்கலாம்."

"சரிங்க சார்" என்றாள் பிஸ்கட்டு. அவர் தலை மறைந்ததும் வாயிலிருந்த திருகாணியைத் துப்பினாள். "நாற்காலி அடுக்கப் போறாராம்ல? அடுக்குவாரு, அடுக்குவாரு!"

அப்புறம் வகுப்பு, சோறு எல்லாம் அவளுக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. டின்னுக்குப் பக்கத்தில் இன்னொரு டின் முளைத்தது. "ஒவ்வொரு கேமரா படத்தையும் துளியூண்டு நேரம் உள்ள புடிச்சு வச்சுக்குவேன். அப்புறம் எல்லாத்தையும் ஒரே தாளத்துல வெளிய விடுவேன். யாரும் தடுக்கி விழ முடியாது." முதல் சோதனையில் என் முகம் பச்சைப்பசேல் என்று வந்தது. "பச்சை கிடக்கட்டும், குதிச்சுதா?" என்றாள். குதிக்கவில்லை. என்னைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் என் கண்ணாடி கீழே விழுந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் அம்மா போனில் வந்தார். "அளவெடுத்துட்டுத்தானே வெட்டினே?"

"இல்லம்மா, வெட்டிட்டு அளவெடுத்தேன். அதான் பச்சையா வருது."

பச்சையும் ஒருவழியாகப் போனது. புதுப் பெட்டி மண்டையைப் போட்டால் கைகொடுக்கட்டும் என்று பழைய வழியையும் விட்டு வைத்தாள். பூனையின் வாலோரம் ஒரு தனிப் பொத்தான். அதை அழுத்தினால் படம் பழையபடி குதித்தே மாறும்.

போட்டியன்று அரங்கத்திலிருந்து இரண்டு ஒயர்கள் எங்கள் அறைக்கு வந்திருந்தன; மூன்றாவது கேமரா அறையிலேயே என் செய்தி மேசைக்கு எதிரே நின்றது. முதல்வர் அரங்கத்துக்குப் போகவில்லை; சாப்பாட்டுக் கூடத்தில், டிவிக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பிஸ்கட்டு கண்ணை மூடினாள். அழுத்தினாள். சுவரைக் கேட்டோம். சத்தமே இல்லை.

"குதிச்சுதா?"

"இல்லடி!"

"பின்ன ஏன் கம்முனு இருக்கானுங்க? டிவிய அணைச்சுட்டானுங்களா?"

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். லவுடு ஸ்பீக்கர் கத்துவதற்காகத் திறந்த வாயைத் திறந்தபடியே வைத்திருந்தான். பேச்சாளன் மேசையில் ஓங்கி அடித்தான்; படம் நடுவருக்குத் தாவியது; நடுவர் திடுக்கிட்டார்; கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. என் தாடைக்காகவோ எங்கள் டின்னுக்காகவோ அல்ல, நடுவர் முழித்த முழிக்காக! முதல் தடவையாக இந்தக் கூட்டம் நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தீர்ப்பு வந்து கைதட்டல் அடங்கியதும் முதல்வர் எங்கள் வாசலுக்கு வந்தார். இந்த முறை உள்ளேயே வந்தார். "நாற்காலிக்கு வேற இடம் பாத்துக்கறேன்மா. விளையாட்டு விழாவையும் நீங்களே எடுத்துடுங்க."

"எடுத்துடலாம் சார்" என்றாள், என்னமோ தினமும் நடக்கிற சங்கதி போல. அவர் போனதும் போட்டாளே ஒரு ஆட்டம்! ஒயரெல்லாம் காலில் சுற்றிக்கொண்டது.

நன்றி சொல்லி முடிப்பது மட்டும் பாக்கி. மூலையிலிருந்த செய்தி மேசையில் போய் உட்கார்ந்தேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து லவுடு ஸ்பீக்கரின் குரல் வந்தது. "பிஸ்கட்டு! ஒரே ஒரு தடவை! பழசை நினைச்சு ஒரே ஒரு தடவை!" தட்டுகள் தாளம் போட்டன. "குதி! குதி! குதி!"

"வேணாம்டி" என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் விரல் பூனையின் வாலுக்குப் போயிருந்தது. "நன்றி, வணக்கம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அழுத்தினாள். என் தாடை உச்சிக்குப் பறந்திருக்க வேண்டும், சுவர் அதிர "ஹோ!" என்று கூச்சல் எழுந்தது. பிஸ்கட்டு இரண்டு கண்ணையும் அகல விரித்துத் திரையைப் பார்த்தபடியே இன்னொரு தடவை அழுத்தினாள்.