ஒரு ரோலர், மூன்று நாடாக்கள்

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஒரு வருடம் நிறையப்போகிற ஆகஸ்ட் மாதம் அது. ஊரெங்கும் சுண்ணாம்பு வாசனை. விளக்குக் கம்பங்கள்கூடப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றன. காஜா பேராங்கில், சாலை போடும் ஒரு குத்தகைக்காரரின் அலுவலகத்தில் நான் சின்னக் கிராணி. எழுத்து வேலை என்றுதான் சேர்த்தார்கள். செய்ததெல்லாம் ஊசி குத்துகிற வேலை.

பெரிய கிராணி சிங்கப்பூருக்குப் போய் இரண்டு வாரம் ஏதோ படித்துவிட்டு வந்தார். வந்த கையோடு சுவரில் ஒரு பலகையை மாட்டினார். குறுக்கே தேதிகள், ஒவ்வொரு தேதியிலும் காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை வேலை நேரம். சாலைக்கு ஒரு நாடா: புக்கிட் ரம்பாய்க்குச் சிவப்பு, உஜோங் பாசிருக்குப் பச்சை, எங்கள் வாசலில் ஓடுகிற காஜா பேராங் சாலைக்கு மஞ்சள். ரோலர் உருளவேண்டிய நாட்களில் நாடாவின் மேல் நீலக் காகிதத் துண்டு. வேலை முடியும் நாளில் ஓர் ஊசி. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். மழை பெய்கிறதா என்று என்னைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

மூன்று ஊசிகளையும் மாதக் கடைசியில் ஒரே சனிக்கிழமையில் குத்தியிருந்தார். விழாவுக்கு எல்லாம் பளபளக்க வேண்டுமாம். சாலைக்கு நான்கு நாள் ரோலர் ஓடவேண்டும். ஆக, கடைசி வாரத்தின் ஆறு நாட்களுக்குள் பன்னிரண்டு நாள் வேலை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கிடந்தது. எங்களிடம் இருந்தது ஒரு ரோலர். அதை ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்.

"ஐயா, கடைசி வாரத்துல ரோலர் மூணு எடத்துல நிக்குது."

"நிக்கட்டும்."

"நம்மகிட்ட ஒண்ணுதான இருக்கு."

அவர் பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஒண்ணுன்னு எங்க போட்டிருக்கு?"

எங்கும் போட்டிருக்கவில்லை. பலகையின் மகிமையே அதுதான். இரும்பின் எடை அதில் ஏறாது, மனிதனின் வியர்வை அதில் ஒட்டாது. நீலத் துண்டு எத்தனை வேண்டுமானாலும் வெட்டலாம். காகிதம் இருக்கிறது, கத்தரிக்கோல் இருக்கிறது.

"காஜா பேராங் ரோட்ட அடுத்த மாசத்துக்குத் தள்ளிடலாங்க ஐயா. இந்தப் பக்கம் எந்தப் பெரிய மனுசனும் வரப்போறதில்ல."

"தள்ளுனா ஊசியப் புடுங்கணும். புடுங்குனா ஓட்டை தெரியும். தவுக்கே வந்து, இது என்னா ஓட்டைன்னு கேட்டா நீயா பதில் சொல்லுவ?"

முதலாளியான தவுக்கே பலகைப் பக்கம் வந்ததே இல்லை. வராத மனிதரின் கேட்காத கேள்விக்குப் பயந்து ஒரு குண்டூசி துளை அளவுக்குச் சுருங்கிப்போன ஆத்மாவை அன்றுதான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். வெறுப்புகூட வரவில்லை. வெறுப்பதற்கும் எதிரே கொஞ்சம் உருவம் வேண்டும்.

கத்தரிக்கோலை எடுத்தார். நான்கு நாள் துண்டுகள் மூன்றையும் இரண்டிரண்டு நாளாக நறுக்கி ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார். பாதி உருட்டிய சாலை என்ன சாலை என்று பலகை கேட்காது. ஆறு நாளும் நிரம்பின. புதன்கிழமையில் மட்டும் ஒரு வெள்ளைத் துண்டு இடித்தது. அது ரோலர்காரரின் லீவு. அதைப் பிய்த்துக் கசக்கிக் கூடையில் போட்டார்.

"சரியாப் போச்சு பாத்தியா?" என்றார்.

ரோலர்காரருக்கு நாற்பது வயதிருக்கும். ஆறு வயதில் கப்பலில் வந்தவர். மனைவியும் பிள்ளைகளும் இங்கேயே பிறந்தவர்கள். வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் பிரஜாவுரிமை இல்லை. மலாய்ப் பரீட்சை இல்லாமல் பதிந்துகொள்கிற சலுகை அந்த மாதத்தோடு முடிகிறது. பரீட்சை என்ற சொல்லே அவரை வியர்க்க வைக்கும். பதிவு செய்கிற சர்க்கார் அலுவலகமான கச்சேரியிலிருந்து வந்த கடிதத்தில், நேரில் வரவேண்டியது புதன்கிழமை காலை பத்து மணி என்றிருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடிதத்தோடு பெரிய கிராணியின் முன்னால் வந்து நின்றார்.

"லீவு குடுத்தீங்களே ஐயா. இப்ப இல்லங்கிறாங்க."

"பலகையப் பாரு. எங்கயாச்சும் எடமிருக்கா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே."

"அப்ப சின்னக் கிராணியப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்க."

என்னைப் பார்த்தார். நான் படித்தேன். வேறென்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன். "செவ்வாய் சாயந்தரம் அஞ்சு மணிக்கு புக்கிட் ரம்பாய் முடியுது. புதன் காலையில ஏழு மணிக்கு உஜோங் பாசிர் ஆரம்பிக்குது."

ரோலர்காரர் தலையைச் சாய்த்து யோசித்தார். "அங்கேருந்து உஜோங் பாசிருக்கு வண்டி எப்ப வருது?"

"அது போடல."

"ரோலர் நடந்துல்ல வரணும். நாலு மணி நேரம் ஆகுமே தம்பி. பலகையில அந்த நாலு மணி நேரம் எங்க இருக்கு?"

"இல்லண்ணே."

பெரிய கிராணி நாடாவை நீவிக்கொண்டிருந்தார். இந்தப் பேச்சு அவருக்குச் சிங்கப்பூரில் சொல்லித்தரப்படாதது.

வெளியே வந்ததும் ரோலர்காரர் பீடியைப் பற்ற வைத்தார். "இல்லாத நேரத்துல நான் எங்க நின்னா அவருக்கென்னப்பா?"

மறுநாள் காலை ஒன்பது மணி சுமாருக்கு அலுவலக ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. மேசையில் மைப்புட்டி நடுங்கியது. ரோலர் டவுன் பக்கமாக எங்கள் வாசலைக் கடந்து ஊர்ந்தது. மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ரோலர்காரர். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தே செத்துக்கொண்டிருந்தது. பெரிய கிராணி திரும்பவில்லை. உஜோங் பாசிர் நாடாவில் ஏழு மணிக்கு ஓர் ஊசியைக் குத்தி, "ஆரம்பிச்சாச்சு," என்றார்.

போகிற வழியில், டவுன் கச்சேரி வாசலில் ரோலரை நிறுத்திவிட்டு வரிசையில் நின்றிருக்கிறார். காவலுக்கு நின்றவன் வண்டியை எடுக்கச் சொன்னானாம். "எடுக்கிறேன், ஆனா திருப்பவே அரை மணி ஆகும், அதுக்குள்ள என் பேரக் கூப்பிட்டுருவாங்க" என்றாராம். கூப்பிட்டார்கள். கையை உயர்த்திச் சத்தியம் செய்து, பெருவிரலை மையில் அழுத்திவிட்டு, இரண்டு மணிக்கு உஜோங் பாசிர் போய்ச் சேர்ந்தார்.

சனிக்கிழமை முடிவு ஊசிகள் மூன்றும் இருந்த இடத்திலேயே இருந்தன. உஜோங் பாசிரில் பாதித் தூரம் ஜல்லி பல்லிளித்தது. அங்கே சைக்கிள் சறுக்கி விழுந்தவர்கள் வந்து கத்திவிட்டுப் போன பிறகு பெரிய கிராணி என்னைக் கூப்பிட்டார்.

"புதன்கிழமை காலையில ரோலர் எங்க இருந்துச்சு?"

"நடந்துகிட்டு இருந்துச்சு ஐயா. வழியில கச்சேரியில கொஞ்ச நேரம் நின்னுச்சு."

பலகையை வெகுநேரம் பார்த்தார். சிவப்பு முடிகிற இடத்தில் விரலை வைத்தார், பச்சை தொடங்குகிற இடத்துக்கு நகர்த்தினார். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடுதான் இருந்தது. அதில் ஒரு காலைப்பொழுதை நுழைக்க இடம் தேடினார். பிறகு அந்த முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது.

"அப்ப அது பலகையில இல்ல, நம்ம வேலை நேரத்துல வராது," என்றார். "விடு."